நாலு பாயிண்ட்

சௌரிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்டு கேட்டார்:
"என் பேர்ல எதுக்கும்மா ஒரு ளகரம்?"

பார்த்தேன்.
செ. அப்புறம் ஒரு சந்து. அப்புறம்
ரேஷன் வரிசையில் நடுவில் நுழைந்த ஆள் மாதிரி
ஒரு ள.
அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு ரிநாதன்.

நெல்லித்தோப்பு சிக்னலில்
பச்சை விழுந்தும் நகராத டெம்போவைத் திட்டும் ஹாரன்கள்
கடைக்குள் வந்து போயின.

எண்ணூறு சதவீதம் பெரிதாக்கினேன்.
திரை முழுக்கக் கொம்பு.
இந்த எழுத்துருவைச் செய்த புண்ணியவான்
ஔகாரத்துக்குத் தனியாக எதையும் வரையவில்லை,
ளகரத்தையே எடுத்து மாட்டிவிட்டான்.
பள்ளத்தில் இருப்பதும் சௌக்கியத்தில் இருப்பதும்
ஒரே சாவி, ஒரே எண்.
வரியை இருபுறமும் சமமாக்கு என்றால்
இயந்திரம் என்ன செய்யும்,
தலை எண்ணி நடுவில் காற்று விடும்.

அழித்துத் தட்டினேன். அதே.
கெர்னிங்கை ஆட்டோவில் போட்டேன்.
இந்த ஊர் ஆட்டோ, மீட்டருக்கு எப்போது கட்டுப்பட்டது?
கடைசியில் கையால்தான்.
ஆல்ட்டும் இடது அம்பும், தட்டு, இன்னொரு தட்டு,
மைனஸ் முப்பத்தைந்தில்
ள வந்து சகரத்தின் தோளைத் தொட்டது.
பின்னாலேயே ஓடிவந்து மோதிக்கொண்ட ரியை
பிளஸ் எட்டு தள்ளி நிறுத்தினேன்.

தோற்றம், மறைவு.
முக்காற்புள்ளிக்கு முன்னால் இடம் விடணும் என்றார்,
பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்.
விட்டேன்.
இரண்டு புள்ளிகளும் அடுத்த வரிக்கு இறங்கி
கடைசி பஸ்ஸை விட்டவர்கள் போல நின்றன.
உடையாத வெற்றிடம் என்று ஒன்று உண்டு,
எந்த மெனுவுக்குள் என்பதுதான் மறந்துபோகும்.
தேடிப் போட்டேன்.

முப்பதாம் நாள் திருப்பலி, காலை ஆறரை,
எல்லாம் சரி.
நகலைக் கையில் வாங்கியவர்
சட்டைப்பையிலிருந்து ஆறு அங்குல ஸ்கேலை எடுத்தார்.
மதலேன் மரி சௌரிநாதன்.
மரிக்கும் சௌவுக்கும் நடுவே வைத்தார்.

"ரொம்ப ஒட்டியிருக்கு."

எல்லாருக்கும் இதே இடைவெளிதான் சார்.

"ஜிபுத்தியில ஆறு வருஷம். தூலோன்ல நாலு.
அவ உப்பளத்துலயே.
சொல்தா பென்ஷன் வாங்கி வந்தப்புறம்
நான் மாடி, அவ கீழ.
தெரிஞ்சவன் பார்த்தா சிரிப்பான். தள்ளி வை."

இரண்டு பாயிண்ட் தள்ளினேன்.
இன்னும், என்றார்.
நாலு.
மரி நின்ற இடத்திலேயே நிற்க
அவர் பேர் மட்டும் வலப்பக்கம் நகர்ந்து
கடைசிப் புள்ளி கறுப்புக் கட்டத்துக்குள் புதைந்தது.
நாதன என்று ஆகிவிட்டார்.

"உங்க பேரைக் கொஞ்சம் சின்னதாக்கட்டுமா சார்?"
"என் பேரைத்தானே? ஆக்கு."

அரைப் பாயிண்ட் குறைத்தேன். புள்ளி வெளியே வந்தது.
இனி அச்சகத்தில் எழுத்துரு இல்லாவிட்டாலும் கலையாதபடி
எல்லாவற்றையும் வளைகோடாக மாற்ற வேண்டும்.
மாற்றிவிட்டால் ச கிடையாது, ள கிடையாது,
வெறும் கோட்டுருவம். பிழை கண்டாலும் கைவைக்க முடியாது.
சொன்னேன், வழக்கமாக எல்லாரிடமும் சொல்வதுதான்.

மவுஸ் மேல் என் விரல் இருந்தது.
மின்விசிறி அவர் கையிலிருந்த நகலைப் படபடக்க வைத்தது.

"இரும்மா.
ஒரே ஒரு பாயிண்ட் மட்டும்
உள்ள தள்ளு."

தள்ளினேன்.
ஸ்கேலை வைக்கவில்லை. பார்த்தார், தலையாட்டினார்.

முந்நூறு அட்டை, திருத்தத்துக்குத் தனியாக நாற்பது.
நாற்பதா, என்று குரலை உயர்த்தினார்,
வெள்ளையில் நாலு இடத்தை நகர்த்தினதுக்கா?
முப்பத்தைந்துக்கு ஒப்புக்கொண்டேன்.
சில்லறையை எண்ணி மேசையில் வைத்தபோது
ஒரு நாணயம் மட்டும் உருண்டுபோய்
கீபோர்டுக்கு அடியில் விழுந்தது.
இன்னும் அங்கேதான்,
ஸ்பேஸ்பாரை அழுத்தினால் லேசாக இடிக்கிறது.