பல் பார்க்கும் அறை

ஜன்னலுக்கு வெளியே தேம்ஸ், இன்று பழுப்பு.
ராத்திரி மழையில் மேல்கரை ஊர்களில்
கழிவுநீர் மதகைத் திறந்துவிட்டார்களாம்.
கூட்டமும் அதைப் பற்றித்தான்.

குதிரைலாட மேசை. சுற்றிப் பதினோரு உறுப்பினர்கள்.
லாடத்தின் வாயில்
தண்ணீர் ஆணையத் தலைமைக்கு
அமைச்சர் பொறுக்கியெடுத்த ஹ்யூ பெல்லோ.
முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர். தொடவில்லை.
நான் ஓரத்தில், காதில் ஹெட்போன்,
பேசுவதை எழுத்தாக்குகிறவள்.

முதலில் எல்லாம் வழவழவென்றுதான் போயிற்று.
அனுபவம். தொலைநோக்கு. முதலீட்டாளர் நம்பிக்கை.
'நிச்சயமாக' என்று பதினேழு தரம் சொன்னார்.
எண்ணியது நான், பழக்கதோஷம்.

அப்புறம் கார்ன்வால் உறுப்பினர் மொர்வென்னா டிரெசிடர்
கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.
"ஒன்பது வருஷம் அந்தக் கம்பெனியின் இயக்குநர் நீங்கள்.
போன கோடையில் எத்தனை நாள்
எங்கள் கடலில் இறங்காதே என்று பலகை நின்றது?"

வாய் திறந்தார். மூடினார்.
தம்ளரைப் பார்த்தார்.
சுவர்க் கடிகாரத்தில் பதினான்கு விநாடி.

மௌனத்தைப் பதிய எங்களுக்கு விதி கிடையாது.
கேள்விக்குக் கீழே ஒட்டினாற்போல் பதில்:
"அந்த எண் இப்போது கைவசம் இல்லை,
எழுத்தில் அனுப்புகிறேன்."
படிக்கிறவனுக்கு அவர் சட்டென்று சொன்னதுபோலத்தான் இருக்கும்.

தானமாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, சரி.
இது தானமாடு இல்லையே,
குழாயைத் திறக்கிற ஒவ்வொரு வீடும் காசு போட்டு வாங்குவது.
பார்த்தார்கள். எண்ணினார்கள்.
'பொருத்தமற்றவர்' என்றார்கள் பதினோரு பேரும்,
ஆளுங்கட்சியின் ஆறு பேர் உட்பட.

அறிக்கை வெள்ளிக்கிழமை போனது.
செவ்வாய்க்கிழமை அமைச்சரின் கடிதம், இரண்டே பத்தி:
குழுவின் அக்கறைக்கு நன்றி, கவனத்தில் கொண்டேன்;
திரு. பெல்லோ ஒன்றாம் தேதி பொறுப்பேற்கிறார்.

பல்லை எண்ணலாம்.
மாட்டைத் திருப்பி ஓட்டக் கயிறு
இந்த அறையில் யாரிடமும் இல்லை.

"கண்துடைப்பு" என்றான் பக்கத்து மேசை நீல், கோட்டை மாட்டிக்கொண்டே.
இருக்கலாம்.
அவன் போனபின் ஒளிப்பதிவை மறுபடி ஓட்டினேன்.
பதினான்கு விநாடியும் அப்படியே இருக்கிறது.
டிரெசிடர் ஒருமுறைகூட இமைக்கவில்லை.

'எழுத்தில் அனுப்புகிறேன்' என்ற வரியின் தலையில்
ஒரு நட்சத்திரக்குறி போட்டிருக்கிறேன்.
எண் வந்தால் அடியில் சேர்க்க வேண்டும்.
வந்தபாடில்லை.
வராவிட்டால் நட்சத்திரத்தை எடுத்துவிடு என்று
கையேட்டில் தேடிப் பார்த்தேன்,
எங்கும் எழுதியிருக்கவில்லை.