உள்ளூர்ப் பங்கு

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.
எங்கள் நகராட்சி மட்டும்
இருநூற்றைம்பது சொற்களுக்குள் அழ வேண்டும்.
படிவம் அப்படித்தான் கேட்கிறது:
பகுதி மூன்று, தேவையை விவரிக்கவும்.

ஒஹாயோ ஆற்றின் வளைவில் இருக்கிறோம்.
கரையில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை,
அதன் ஜன்னல்களில் கண்ணாடி இல்லை.
இரண்டு கோடையாக நீச்சல்குளத்தில்
இலைகள்தான் நீந்துகின்றன.
எல்லாம் எழுதினேன்.
மேயர் லூதர் பிரான்சிக்
'சாகும் நகரம்' என்பதை அடித்து
'மாறும் நகரம்' ஆக்கினார்.
சொற்கணக்கு மாறவில்லை. விட்டுவிட்டேன்.

கேட்பது ஒரு லட்சத்து எண்பதாயிரம் டாலர்.
இரவில் திறக்கும் விளையாட்டுக்கூடத்துக்கு,
சனிக்கிழமைச் சூப்புக்கு,
டயாலிசிஸுக்குப் போகிறவர்களின் வேனுக்கு.
அதில் ஐந்தில் ஒரு பங்கு நாங்கள் காட்ட வேண்டும்,
பணமாக இல்லாவிட்டால் உழைப்பாக.
தன்னார்வலரின் ஒரு மணிக்கு முப்பது டாலர் என்று
தலைநகரில் யாரோ விலை போட்டிருக்கிறார்.
ஆயிரத்திருநூறு மணி நேரம்,
ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து.

ஆர்வில் டகெட்டைத்தான் நம்பியிருந்தேன்.
வாரம் மூன்று இரவு, இரவுக்கு நான்கு மணி,
கூடத்தைத் திறந்து வைத்திருப்பவர்.
அறுநூற்று இருபத்து நான்கு என்று
பென்சிலால் குறித்து நீட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"பூட்டைத் திறப்பேன். தரை துடைப்பேன். விளக்கணைப்பேன்.
அரைமணி. அது வேலை.
மிச்ச நேரம் ஆட்டம் பார்த்தேன், அம்மா.
அதற்கு அரசாங்கத்திடம் காசு கேட்பதா?"
எழுபத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"நீங்கள் அங்கே உட்கார்ந்திருப்பதால்தான்
அந்தப் பையன்கள் வேறெங்கும் போவதில்லை" என்றேன்.
"அப்படியா? என்னிடம் அவர்கள் சொன்னதில்லையே."

அன்றிரவு என் கையில்
ஓர் அழிப்பானும் ஒரு நல்ல காரணமும் இருந்தன.
அழிக்கவில்லை.
காரை எடுத்துக்கொண்டு கூடத்துக்கே போனேன்.

நவம்பர் மழையில் நனைந்த காலணிகள் வாசலில் குவிந்திருந்தன.
படி இருக்கைகளுக்குக் கீழே செய்தித்தாள் விரித்து
மார்வெல்லா கீஸ்
ஒரு பையனுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள்.
எத்தனை மாதமாக என்றேன். தோளைக் குலுக்கினாள்.
ஸ்கோர் பலகைக்கு ஃப்யூஸ் மாற்றுகிறவன்.
கடைசிப் பேருந்து போனபின்
நான்கு பிள்ளைகளை வீடு வீடாக இறக்கிவிட்டு
இரவுப் பணிக்கு ஓடும் செவிலி.
ஒரு படிவத்திலும் பெயரில்லாதவர்கள்.
காகிதத்தைச் சுவரில் வைத்து எழுதினோம்.
எல்லாரும் குறைத்தே சொன்னார்கள்.
பிடித்த மீனின் நீளத்தைத் தவிர
மற்ற எதையும் குறைத்தே சொல்கிற ஊர் இது.

பகுதி ஐந்து, விளைவுகளை எப்படி அளப்பீர்கள்?
தரையில் கிடந்த முடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூட்டிப் பார்த்தால் பதினோரு மணி நேரம் குறைந்தது.
முந்நூற்று முப்பது டாலர்.
மெயின் தெருக் கம்பங்களின்
கிறிஸ்துமஸ் நட்சத்திரச் செலவிலிருந்து எடுத்தார் மேயர்.
எந்தப் பக்கம் எரியாது என்பதை
இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை, நாலு ஐம்பது.
ஐந்துக்கு இணையதளம் மூடிவிடும்.
அனுப்பும் பொத்தான்மேல் விரல் வைத்திருக்கிறேன்,
தொலைபேசி.
"ஜனவரியில் ஒரு நாள் பெரும்பனி, ஞாபகமிருக்கிறதா?
அன்றைக்கு நான் வரவில்லை.
அரைமணி கழித்துக்கொள்."

எழுபத்தேழரை.
மேயர் கோட்டுப் பைகளைத் தடவினார்.
நான் இழுப்பறையைக் கவிழ்த்தேன்.
ஒரு பத்து டாலர் தாள், மிச்சம் சில்லறை.
ரசீது போட வேண்டும், விதி அது.
நகராட்சிக்கு நன்கொடை, டாலர் பதினைந்து.
'நோக்கம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது.
பனி, என்று எழுதினேன்.