இருபத்தேழு

மார்கிரித்தின் பிரிவுபசார மேசையில்
எட்டுப் பேர் இருந்தோம்,
பீல் நகரில், ஏரிக்கரை உணவகத்தில்.
கண்ணைப் பார்த்துத்தான் கிளாஸ் முட்ட வேண்டும்
இந்த நாட்டில்.

எட்டுப் பேருக்கும் ஏழேழு முட்டல், ஐம்பத்தாறு.
நான் உன்னோடு முட்டுவதும்
நீ என்னோடு முட்டுவதும்
ஒரே ஓசை என்பதால்
பாதியாக்கு.
இருபத்தெட்டு.

பதினோரு வருடம்
கடிகாரப் பற்சக்கரம் எண்ணிய ஆள் நான்.
கை சும்மா இருந்தாலும் காது எண்ணும்.
இருபத்தேழுதான் கேட்டது.

சமையலறையில் தட்டு விழுந்த சத்தத்தில்
ஒன்று அமுங்கியிருக்கலாம் என்று
கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்தேன்.
பொய்.
பேயாட்டின் கிளாஸ் என் பக்கம் வந்தபோது
உப்பு எடுக்கக் குனிந்தவன் நான்தான்.
குனிவதற்கு முன்பே
அவன் பார்வை ஜன்னலுக்குப் போய்விட்டதா?
முட்டலுக்கு வரிசை இல்லை.
முகம் திருப்பியதற்கு உண்டு.

மேற்பார்வையாளர் வேலைக்கு
விண்ணப்பித்தது இரண்டு பேர்.
இருவரில் ஒருவரைத் தேர இரண்டு வழி.
அவர்கள் மற்ற வழியைத் தேர்ந்தார்கள்.
பங்குனியிலிருந்து நாங்கள் கதைப்பதில்லை.

பத்தே முக்காலுக்கு
ஆறு பேர் ஆறு திசையில் போனார்கள்.
பேருந்துத் தரிப்பில் அவனும் நானும்,
ஈரமான ஒரே பெஞ்சு.
இருவரில் இருவரைத் தேர
ஒரே வழிதான்.

இயந்திரத்தில் காசு போட்டு
இரண்டு கோப்பி எடுத்து வந்தான்.
ஒன்றை நீட்டினான், தரையைப் பார்த்தபடி.

காகிதக் குவளை,
முட்டினாலும் கேட்காது.
எப்படி எண்ணுவது இதை?