எட்டரைக்கு விளக்கு அணையும்

கூமாவில் புரட்டாசி என்றால் வசந்தம்.
வசந்தம் என்று பெயர்தான், மூக்கு உறைகிறது.
நெட்பால் பயிற்சி. திடலின் நான்கு கம்பங்களிலும்
பால்வெள்ளையாய் வெளிச்சம்.
அதைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒரு சூறாவளி:
போகோங் விட்டில்கள்.

பந்தைக் கேட்டுக் கத்த வாய் திறந்தேன்.
உள்ளே ஒன்று.
துப்பினேன். நாக்கில் தூள் ஒட்டியது.
வேர்க்கடலைத் தோல் ருசி.
(ருசி பார்க்கவில்லை. தானாகத் தெரிந்தது.)

அக்காவுக்காகக் காத்திருந்த லக்லன்
கம்பத்தை அண்ணாந்து பார்த்து
"முட்டாள் பூச்சிங்க" என்றான்.
என் தமிழும் அதைத்தானே சொல்கிறது?
ஏமாந்தவர் எல்லோருக்கும்
விளக்கில் விழும் விட்டில் என்று
ஓர் உவமையை எடுத்து வைத்திருக்கிறது.
போன மாதம் வரை நானும் நம்பினேன்.

போன மாதம் வகுப்பில் ஐந்து நிமிடம் பேச
சீட்டுக் குலுக்கினார்கள்.
ஃப்ரேயாவுக்குக் கருந்துளை.
எனக்குப் பூச்சி.

வேண்டாவெறுப்பாகத் தேடினேன்.
இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டரில்
சாலையோரம் ராட்சத மீன் சிலை நிற்குமே,
அந்த அடாமினபிக்குப் பக்கத்தில்தான் நடந்திருக்கிறது.
விட்டிலின் முதுகில் மெல்லிய தண்டு ஒட்டி
ஓர் உருளைக்குள் நிறுத்தினார்கள்.
சிறகடிக்கலாம், திரும்பலாம்,
எங்கும் போய்ச் சேர முடியாது.
சுற்றிலும் மின்சுருள்கள்,
பூமியின் காந்தப்புலத்தை
அந்த இடத்தில் மட்டும் அழித்து வைக்க.
மேலே, திரையில், இரவு வானம்.
மலை இல்லை, காற்று இல்லை, வாசனை இல்லை.
நட்சத்திரம் மட்டும்.

விட்டில் தன் மலை இருக்கும் திசைக்கே திரும்பியது.

வானத்தை அரைவட்டம் சுழற்றினார்கள்.
விட்டிலும் நேர் எதிராகத் திரும்பியது.
அதே நட்சத்திரங்களைக்
கேழ்வரகை வாரி இறைத்தது போல்
கலைத்துப் போட்டார்கள்.
தொலைந்து போனது.

அதன் மூளை
ஓர் அரிசியில் பத்தில் ஒரு பங்கு.
என்னுடையது ஒன்றேகால் கிலோவுக்கு மேல்.
போன் இல்லாமல் நூலகத்துக்குப் போய்
இரண்டு முறை வழி தவறியிருக்கிறேன்.

எங்கோ வடக்கே சமவெளியில்
மண்ணுக்குள் புழுவாய்க் கிடந்தது.
முட்டையிட்ட கையோடு தாய் செத்துப்போயிற்று.
யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை.
ஒரு நாள் சிறகு வந்தது, கிளம்பிவிட்டது:
ஆயிரம் கிலோமீட்டர்,
இதற்கு முன் பார்த்தே இராத மலைக்குகைக்கு.
கோடை முழுக்க அங்கே சுவரோடு சுவராய்
ஓடு வேய்ந்தது போல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கும்.
ஒரு சதுர மீட்டருக்குப் பதினேழாயிரம்.
வெயில் தணிந்ததும் வந்த வழியே திரும்பும்.
வாழ்நாளில் ஒரே ஒரு போக்கு, ஒரே ஒரு வரவு.

மேகம் மூடினால்?
காந்தப்புலம் இருக்கிறது. அதுவும் அதற்குத் தெரியும்.
காந்தத்தை எதைக் கொண்டு உணர்கிறது?
இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.
(இந்த வரிக்குத்தான் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.
கருந்துளைக்கு அல்ல.)

எட்டரை.
'டக்' என்று நான்கு கம்பமும் அணைந்தன.
வழக்கமாக ஊளையிட்டுக்கொண்டே
காருக்கு ஓடுவோம்.
"ஹெட்லைட் போடாதீங்க, ரெண்டே நிமிஷம்" என்றேன்.
ஆச்சரியம், பயிற்சியாளர்கூடப் போடவில்லை.

முதலில் ஒன்றும் தெரியவில்லை.
பிறகு கண் பழகப் பழக
மேற்கே சாய்ந்து பால்வீதி,
கோலமாவுக் கிண்ணம் கவிழ்ந்தது போல.
தலைக்கு மேல் அந்தச் சடசடப்பு
கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது.
மலைப்பக்கமாகத்தான் போயினவா?
இருட்டில் எப்படிச் சொல்ல?
போயின என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

ஒன்று போகவில்லை.
என் காலுறையைப் பிடித்துக்கொண்டு
சிறகை அதிர வைத்துக்கொண்டிருந்தது,
குளிர்ந்த வண்டியைக் கிளப்புவது போல.

லக்லன் குனிந்து பார்த்தான்.
வானத்தைப் பார்த்தான்.
"இத்தனையில எந்த நட்சத்திரம்?"

"எனக்கென்ன தெரியும்," என்றேன்,
"என் காலுறையைக் கேளு."