மிதித்தவன்

கரடிப்போக்குச் சந்தியில் நிதர்சனின் ஸ்டூடியோ.
ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டு
"கேளுங்கோ அண்ணை, கழுவித் துடைச்சாச்சு" என்றான்.

எமில்டா ரீச்சர். மல்லாவி, தொண்ணூற்று நாலு.
பாஹ்.
கரண்ட் இல்லை. பற்றரிக்குத் தடை.
ஸ்ராண்டில் ஏற்றிய சைக்கிளின் டைனமோவில்
கசற் சுழல மிதித்தது நான்,
மத்தியானம் ஒன்றும் தின்னாத பதினாலு வயது.

நான் களைத்த இடங்களில் நாடா மெல்லப் போனது.
போட்டுக் கேட்டால் அங்கேதான் அவ ஓடினா.

"விரல் இருக்கு, தாளம் நிக்கேல்லை."
யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கடிதம், அவ்வளவுதான்.
மடித்து பியானோவின் மூடிக்குள் வைத்தா.
என்னை ஒன்றும் கேட்கவில்லை.
இன்னொரு தரம் பதியவுமில்லை.

இப்போது இந்தப் பெடியன்
என் முழங்காலைக் கண்டுபிடித்திருக்கிறான்.
"இதிலையெல்லாம் வேகம் அலையுது. நேராக்கினன்."
திரையில் ஒரு கோடு,
அக்கராயன் வாய்க்கால் மாதிரி.

அதன்மேல் அவ,
ஒரு மாத்திரை பிசகாமல்.

கழற்றப் போனேன். "பொறுங்கோ,
கடைசியில ஒரு குரல் கிடக்கு,
வெட்ட மனம் வரேல்லை."

பியானோவுக்கு அந்தப் பக்கம், தூரத்தில்:

"காணும் தம்பி, இறங்கு.
தண்ணி குடி."