தாங்குசுவர்

அனிவத்தை மேட்டில் ஒரு பேர்ச் என்ன விலையென்று
சவரிமுத்துவிடம் கேளுங்கள்.
சொல்வதற்கு முன் குனிந்து
ஒரு பிடி மண்ணள்ளிக் கசக்குவான்.
நித்தவெல மைதானத்திலும் அப்படித்தான்,
ஒவ்வொரு ஸ்க்ரம்முக்கும் முன்.

நான் ஹூக்கர்.
எட்டு வருஷம் என் வலது கை அவன் முதுகில் கிடந்தது.
எண்ணூறு கிலோ எங்கள்மேல் சரிகையில்
காதோரம் ஒன்றே சொல்வான்:
"இடுப்பை இறக்குடா.
மலை மாதிரி நிக்காத. மலை விழும்."

அவன் காது இப்போது அவித்த காளான்.
பேங்க் மேனேஜர்கள்
அதைப் பார்க்காமல் பேசப் பழகிவிட்டார்கள்.
முதல் லோனுக்கு ஈடு
ஒரு பழைய வேனும் ரெஜினாவின் தாலிக்கொடியும்.
இன்று நாலு தொகுதி, தொண்ணூற்றாறு வீடு.
'பால்கனிக்குப் பால்கனி பனிமூட்டம் இலவசம்'
என்று விளம்பரம்.
சிரிக்காதீர்கள், விற்றது.

போன வருஷம் கிளப்பையும் வாங்கினான்,
கூரைத் தகரம் பறந்து,
பையன்களுக்கு ஐந்து மாசச் சம்பளம் பாக்கியிருந்த கிளப்பை.
கோட்டுப் போட்ட ஒருவர் எழுந்தார்:
"மிஸ்டர் சவரிமுத்து, இது வியாபாரமல்ல."
"தெரியும் சேர். வியாபாரமென்றால் வாங்கியிருக்க மாட்டேன்."
எல்லோரும் சிரித்தார்கள், அவனைத் தவிர.
மறுநாள் குளியலறைக்குச் சுடுதண்ணீர் வந்தது.

பிறகு அந்த ஜூன் மழை.
நாலாம் தொகுதிக்குப் பின்னால்
தாங்குசுவரில் மயிரிழையாய் ஒரு வெடிப்பு.
இப்போது நான் அவனுடைய எஞ்சினியர்.
டோர்ச் அடித்து அளந்தேன், மூன்று மில்லிமீற்றர்.
காத்திருக்கலாம் என்றேன்.
அவன் செருப்பைக் கழற்றினான்,
கழுத்தை ஒடுக்கினான்,
ஐம்பத்திமூன்று வயதுத் தோளைச்
சுவரில் வைத்தான்.
"என்னடா செய்ற?"
"பொறு."
மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
"தள்ளுது" என்றான்.

விடிகாலை மூன்று மணி.
இருபத்துநாலு குடும்பம், தலையணைகள்,
ஒரு கூண்டுக்கிளி,
நைட்டியோடு திட்டிக்கொண்டே வந்த
ஓய்வுபெற்ற நீதவான் அம்மா,
எல்லாம் கிளப் பஸ்ஸில்.
உடைமாற்றும் அறையில் பாய் விரித்தோம்.
சுடுதண்ணீருக்கு வரிசை.

சுவர் விழவில்லை.
அன்றும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை.
விழுந்திருந்தால் படம் போட்டுப் புகழ்ந்திருப்பார்கள்.
இப்போது ஆறு பேர்
முன்பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள்.
என் அறிக்கையை அவன் கேட்கவேயில்லை.
செக் எழுதுகிறான்.
கொழும்பு மேட்ச் ஒன்றில் ஒடிந்து
சரியாகப் பொருந்தாத ஆட்காட்டி விரல்
பேனாவைப் பிடிக்காமல்
வேறெங்கோ நீண்டிருக்கிறது.