வாய்க்கால் தகராறு

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் பின்கேட்டில்
ஐஸ் உடைத்துப் போடுகிறேன்.
பெட்டிக்கு நாற்பத்தேழு ரூபாய்.
ஷார்ஜா போய் இறங்கும்வரை
மல்லி மொட்டு வாய் திறக்கக் கூடாது,
அது என் ஐஸின் பொறுப்பு.

பெட்டி அனுப்புகிறவர் மொய்தீன் பிச்சை.
அங்கிருந்து அவருக்கு பிட்காயினாக வருகிறது.
உனக்கும் அதுலயே தந்துர்றேன் என்றார்.
முதல் பெட்டிக்குத் தந்தார்.
நாற்பத்தேழு ரூபாயைக் கொண்டுவந்து சேர்க்க
நூற்றுப் பத்து ரூபாய் கூலி.
சுண்டல் வாங்க ஆட்டோ பிடித்த மாதிரி.

கூட்டம் அப்படி.
ஊர் உலகத்துக் கணக்கெல்லாம்
ஒரே பேரேட்டில் ஏற வேண்டும்.
பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம்,
அந்தப் பக்கத்திலும் இடம் கொஞ்சம்.
அழகர் இறங்கும் அன்றைக்கு
ஏ.வி. பாலத்தில் நசுங்கியவர்களுக்கு
நான் மேலே சொல்ல ஒன்றுமில்லை.
பாலத்தை அகலப்படுத்தச் சொல்கிறவர்கள் உண்டு.
எல்லாரும் எதுக்குப் பாலத்துல ஏறணும்
என்றார் மொய்தீன் பிச்சை.

வாய்க்கால் வெட்டினோம்.
அவருடைய பன்னிரண்டாயிரம்
இரண்டு சாவிப் பூட்டுக்குள் போனது.
ஒன்று அவர் ஃபோனில், ஒன்று என் ஃபோனில்.
பேரேட்டில் ஒரே ஒரு பதிவு.
அப்புறம் பெட்டி ஏற ஏற
அவர் பக்கத்திலிருந்து என் பக்கத்துக்கு
நாற்பத்தேழு நாற்பத்தேழாக நகர்ந்தது,
கூலி இல்லாமல்.
நிலக்கோட்டை தவசிக்கும் எனக்கும் இன்னொரு வாய்க்கால்.
தவசியின் முகத்தை மொய்தீன் பிச்சை பார்த்ததில்லை.
அவர் வைத்த உதிரிப்பூ பாக்கி
என் வழியாகவே போய்ச் சேர்ந்தது.
என் கைக்குள் போயும்
என்னால் எடுக்க முடியாத காசு.

ஒவ்வொரு பெட்டிக்கும் புதுச் சீட்டு.
பழைய சீட்டு செத்தது.
செத்த சீட்டை யாராவது
பேரேட்டுக்குத் தூக்கிப் போனால்
பூட்டிலிருப்பது மொத்தமும் எதிராளிக்கு.
கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது.

நான் தூங்கும்போது யார் பார்ப்பது?
திருமங்கலத்தில் கொழுந்தன் வீட்டுப் பரணில்
ஒரு பழைய கம்ப்யூட்டர்
விடிய விடியப் பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்.
அதற்குப் பெயர் காவல் கோபுரம்.
கலசம் கிடையாது. பல்லி உண்டு.

நூற்று முப்பத்தோராவது பெட்டி அன்று
மொய்தீன் பிச்சையின் ஃபோன்
என் ஐஸ் தண்ணீர் டிரம்மில் விழுந்தது.
ராத்திரியே புது ஃபோன் வாங்கி
எப்போதோ எடுத்து வைத்த நகலை ஏற்றியிருக்கிறார்.
அந்த நகலுக்குத் தெரிந்தது பன்னிரண்டு பெட்டி.
அது பன்னிரண்டாவது சீட்டை எடுத்துக்கொண்டு
நேரே பேரேட்டுக்குப் போய்விட்டது.
மூன்று மணி பத்து நிமிடத்துக்கு
பரணிலிருந்த கோபுரம் பாய்ந்தது.
என்னுடைய ஆறாயிரத்துச் சொச்சம்,
அவருடைய ஐயாயிரத்துச் சொச்சம்,
எல்லாம் என் பெயரில்.
மறந்தவனா திருடினவனா என்று
கோபுரம் கேட்கவில்லை. கேட்கத் தெரியாது.

காலையில் அடுத்த பெட்டியோடு வந்து நின்றார்.
ஃபோனை நீட்டினார்.
உள்ளே சைபர்.
நீயா எடுத்த, என்றார்.
நான் தூங்கிட்டிருந்தேன், என்றேன்.
இரண்டும் நிஜம்.

உங்க ரெண்டு பேருக்கும் என்னய்யா,
வாய்க்கா வரப்புத் தகராறா
என்று சிரித்தான் சுமை தூக்கும் ஒச்சப்பன்.
ஆமாம் என்று எப்படிச் சொல்வது.

அவர் பங்கை எண்ணிக் கொடுத்தேன்,
பாதி நோட்டு ஈரம்.
அதில் சண்டை வரவில்லை.
திரும்ப வாய்க்கால் வெட்டும் கூலி யாருக்கு
என்பதில்தான் குரல் ஏறியது.
ஃபோன் உங்களுது. டிரம்மு உன்னுது.
இருநூறு ரூபாய்க்குக் குறையாத வழக்கு.
அதற்குள் ஒரு பாறை ஐஸ் கரைந்து
செருப்புக்கடியில் ஓடியது.

சரி, இந்தப் பெட்டிக்கு இந்தா, என்று
ஐம்பது ரூபாய்த் தாள் நீட்டினார்.
மூன்று ரூபாய் சில்லறைக்கு
முந்தி, டப்பா, ஒச்சப்பனின் சட்டைப்பை
எல்லாம் துழாவியாயிற்று.

விடு மூக்கம்மா,
நாளைக்குப் பெட்டியில கழிச்சுக்க
என்று சொல்லிவிட்டு
ஏர்போர்ட் வண்டி பின்னால் ஓடினார்.